ஸ்கேன் பண்ணாத தீபாவளி

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டில் எல்லாரும் என் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்று அறைகள். ஒன்றில் அப்பாவும் அம்மாவும், ஒன்றில் அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையும், ஒன்றில் இரண்டு தம்பிகள். நான் ஹாலில். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது இன்னொருவர் கிளம்புவார். இரண்டு பேரும் என் தலைமாட்டில் உட்கார்ந்துதான் காலுறை மாட்டுவார்கள். "கொஞ்சம் நகரு" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். தேர்வுக்குப் படித்ததெல்லாம் பாயோடு நகர்ந்து நகர்ந்துதான்.

விடுதியில் எனக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, பூட்டு போட்ட ஒரு அலமாரி கொடுத்தார்கள். அறைக்கு இரண்டு பேர். மின்விசிறி சுற்றினால் கடகடவென்று சத்தம், குளியலறைக்கு நடை தூரம், ஜன்னலைத் திறந்தால் குப்பைத்தொட்டி. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மேசை மேல் வைத்த பேனா மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

மற்றபடி அந்த முதல் வருஷத்தில் எனக்குப் பிடித்ததென்று எதையும் சொல்ல முடியாது. நான் கேட்ட படிப்பு வேறு, கிடைத்தது வேறு. மருந்தியல் கேட்டேன், வேதியியல் கொடுத்தார்கள். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பேசுகிற வேகத்துக்கு நான் தலைப்பை எழுதி முடிப்பதற்குள் அவர் மூன்று பக்கம் தள்ளிவிட்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கிக்கொண்டே இருந்தவள், இங்கே முந்நூறு பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக்கூட அறிக்கையை முதல் தடவை கொடுத்தபோது சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எதற்கெடுத்தாலும் எனக்கு முதலில் வருவது அதுதான்.

என் அறைத்தோழி திரங்கானுவிலிருந்து வந்த மலாய்ப் பெண். அதிகம் பேச மாட்டாள். ஆனால் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் போய்விடுவாள். சைக்கிள் பழுது பார்க்கும் பயிற்சி, ரத்த தானம், கடற்கரையைச் சுத்தம் செய்வது, ஒன்றையும் விடமாட்டாள். இவளுக்கென்ன இவ்வளவு சமூக சேவை என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் அவளே விளக்கிச் சொன்னாள். இரண்டாம் ஆண்டுக்கு விடுதியில் இடம் தானாக வராதாம். நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டுமாம். ஒவ்வொரு நிகழ்ச்சியின் கடைசியிலும் திரையில் ஒரு கியூஆர் கோடு காட்டுவார்கள். அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால்தான் வந்ததாகக் கணக்கு. ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் பெயர்ப் பட்டியலை வைத்து மொத்தமாகப் புள்ளி போடுவார்கள். ஸ்கேன் செய்ய மறக்காதே, ஸ்கேன் செய்யாவிட்டால் நீ வரவே இல்லை என்று அர்த்தம் என்றாள்.

நிகழ்ச்சிகள் எல்லாம் சனி ஞாயிறில்தான். எனக்கோ வெள்ளிக்கிழமை மதியமே அம்மாவின் போன் வந்துவிடும். "வூடு இந்தா இருக்கு. வாரா வாரம் வர்றதுக்கு என்னாடி நோவுது ஒனக்கு?" என்பார். பினாங்குத் தீவில் படிக்கிற பெண் கடல் தாண்டிப் போய்விட்டது போல ஒரு பக்கம் கவலைப்படுவார், இன்னொரு பக்கம் கூப்பிடு தூரம் என்று அதட்டுவார். போகாவிட்டால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். போய் அதே ஹாலில், அதே பாயில் படுத்துவிட்டு ஞாயிறு மாலை திரும்புவேன். அக்டோபர் முடிவதற்குள் என் கணக்கில் ஏறியிருந்தது ரத்த தானம் ஒன்றுதான். அதிலும் ரத்தம் போதவில்லை என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஸ்கேன் மட்டும் செய்துகொண்டு வந்தேன்.

அப்போதுதான் இந்திய மாணவர் மன்றத்தின் தலைவி, மூன்றாம் ஆண்டு அக்கா, என்னைப் பிடித்தார். தீபாவளி இரவுக்கு ஆள் தேவைப்பட்டது.

"நீ வா தங்கச்சி. இது பெரிய புரோகிராம். கமிட்டில பேரு இருந்திச்சின்னா போதும், ஒரே ராத்திரில மொத்தப் புள்ளியும் வந்துரும்லா" என்றார்.

"கமிட்டி லிஸ்ட் ஏற்கெனவே அனுப்பிட்டீங்களேக்கா?"

"அது கெடக்கு. ஒரு ஆள் போவும், ஒரு ஆள் வரும். ஒம் பேர நான் சேத்துடுறேன்."

எங்கள் மன்றத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. மற்றவர்களெல்லாம் தங்கள் விழாக்களுக்குச் சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடுவார்கள், பொட்டலம் வரும், முடிந்தது. நாங்கள் மட்டும் வாழையிலை போட்டு, வரிசையாக உட்கார வைத்து, பரிமாறித்தான் அனுப்புவோம். கோயிலிலிருந்து ஒரு சமையல்கார அண்ணனை வரவழைப்பார்கள். காய் நறுக்குவது, பரிமாறுவது, அண்டா கழுவுவது எல்லாம் நாங்கள். அந்த வருஷம் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவள் என் வகுப்புப் பெண்தான். நாட்டின் தெற்குக் கோடியில், ஜொகூரில் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். எங்களுக்குள் அவளுக்கு ஜொகூர்க்காரி என்றே பெயராகிவிட்டது.

விழா நாள் மதியம் ஜொகூர்க்காரியிடமிருந்து தலைவி அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது. காய்ச்சலாம், வர முடியாதாம். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ பாத்துக்கிறியா? அவ பேர எடுத்துட்டு ஒம் பேரப் போட்டுடுறேன்." நான் சரி என்றேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஆறு மணி நேரம் நான் அந்தச் சமையல்கட்டை ஆட்டிவைத்தேன். உருளைக்கிழங்கை இவ்வளவு பெரிதாகவா வெட்டுவது என்று மூத்த அண்ணன்மாரையே அதட்டினேன். சமையல்கார அண்ணன் சிரித்துக்கொண்டே, "இந்தப் புள்ளைக்கி வாய்க்கிப் பூட்டே கெடையாதாலா?" என்றார்.

மண்டபத்துக்குள் ஆட்டமும் பாட்டும். மண்டபத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் இலை. இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் சொன்னார்கள், கியூஆர் கோடு திரையில் பத்து நிமிஷம்தான் இருக்கும், எல்லாரும் வந்து ஸ்கேன் செய்துகொள்ளுங்கள் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். வலது கையில் சாம்பார் சோறு ஒட்டியிருக்க, இடது கையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பி வந்து அதே இலையில் உட்கார்ந்தார்கள். நான் ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் பரிமாறுகிறவர்கள் எட்டுப் பேர். ஒருவரும் அசையவில்லை. பந்தி நடக்கும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போவது என்பது எங்களுக்கு வராது. சின்ன வயதிலிருந்து கோயில் அன்னதானத்தில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். கடைசி ஆள் கை கழுவும் வரை நிற்க வேண்டும், அதற்கப்புறம்தான் நமக்குச் சாப்பாடு. அன்று அந்தப் பழக்கம் என் காலைக் கட்டிப்போட்டது.

உள்ளேயிருந்து வந்த ஒருத்தி, "ஒன் போனக் குடு, நான் போய் ஸ்கேன் பண்ணிட்டு வரேன்" என்றுகூடக் கேட்டாள். கைப்பேசி பைக்குள், பை பண்டகசாலைக்குள், சாவி யாரிடமோ. தேடிக் கொடுத்திருக்கலாம். நான்தான் மிதப்பாகச் சொன்னேன், "வேணாம்லா, நான் கமிட்டி. பேரு லிஸ்ட்டுல இருக்கு." இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

இரண்டாம் பருவம் முடிகிற வாரத்தில் இரண்டாம் ஆண்டுக்கான விடுதிப் பட்டியல் வந்தது. கைப்பேசியில் பார்த்தேன். தகுதி பெறவில்லை என்று இருந்தது. மூடிவிட்டுத் திறந்து மறுபடி பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான். என் நிகழ்ச்சிக் கணக்கைத் திறந்தேன். நடுவில் நான் போன சின்னச் சின்ன நிகழ்ச்சிகளெல்லாம் இருந்தன. கொடுக்காத ரத்தத்துக்குக்கூடப் புள்ளி இருந்தது. தீபாவளி இரவு மட்டும் இல்லை. முந்நூறு இலைக்கு ரசம் ஊற்றியவள் அந்த இடத்துக்கு வரவே இல்லை. அறைத்தோழிக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படக்கூட விடமாட்டேனென்கிறாளே என்று அவள் நினைத்திருப்பாள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

தலைவி அக்கா அப்போது கோலாலம்பூரில் பயிற்சி வேலையில் இருந்தார். போன் செய்தேன்.

"அய்யோ தங்கச்சி!" என்றார். "மாத்தணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்டா. அப்புறம் டெஸ்ட்டு, அப்புறம் அசைன்மென்ட்டு, அப்படியே மறந்துட்டேன். சாரிடா."

"சாரியை வச்சி நான் எங்கக்கா போய்ப் படுக்குறது?"

தேடிப் பார்க்கிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் பழைய பட்டியலை அனுப்பினார். சாப்பாட்டுப் பொறுப்பு என்பதற்கு நேராக ஜொகூர்க்காரியின் பெயர் அப்படியே இருந்தது. அவளுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது என்று எனக்கு முன்பே தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவளுக்குக் கட்டில், வெந்து வியர்த்து நின்றவளுக்கு ஒன்றுமில்லை. இது எந்த ஊர் நியாயம்?

எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தேன். சனி ஞாயிறுகளில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள் என்றார்கள். பஸ் பிடித்துப் போனேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் அந்த மத்தியான வெயிலில் ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நான்காவது கடையில் இருந்தாள். வாடிக்கையாளர் விரித்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அன்னிக்கிக் காச்சல்னு சொன்னியே, நெசமாவே காச்சலா?" என்று கேட்டேன். பேச்சை அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

அவள் கை நின்றது. "இல்ல" என்றாள். "தீபாவளிக்கி முந்தின வாரம். கடையில ஆளே போதல. அன்னிக்கி வரலன்னா இனிமே வராதேன்னு சொல்லிட்டாங்க. இந்த வேல போனா நான் படிக்க முடியாது. அக்காகிட்ட உண்மையச் சொல்றதுக்கு வெக்கமா இருந்திச்சி."

"ஒம் பேர எடுக்கவே இல்ல, தெரியுமா? என் புள்ளி ஒங்கிட்ட இருக்கு. எனக்கு ரூம் இல்ல."

"நான் கேக்கல. அவங்களாப் போட்டுட்டாங்க."

"போட்டதும் பேசாம இருந்துட்ட."

ஒரு அம்மாள் ரவிக்கைத் துணி கேட்டார். அவள் போய் அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கதவோரத்திலேயே நின்றேன். வந்தவள், கடை முதலாளிக்குக் கேட்காத குரலில், "ஹாஸ்டல் ஆபீஸ் எத்தன மணிக்கித் தொறப்பாங்க?" என்றாள். நான் சண்டைக்கு என்று சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தையெல்லாம் வீணாய்ப் போனது. இவள் வரமாட்டாள், இவளை நாலு பேருக்கு முன்னால் கிழிக்கலாம் என்றுதான் நான் வந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் விடுதி அலுவலகத்தில் நின்றோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல பெண்மணிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அடிக் என்று, மலாயில் தங்கச்சி என்று, அன்பாகக் கூப்பிட்டு, தண்ணீர்கூடக் கொடுத்தார். ஜொகூர்க்காரி ஒன்றையும் மறைக்காமல் மலாயில் சொன்னாள். அன்று நான் வேலை செய்யவில்லை, இவள்தான் செய்தாள், புள்ளி இவளுடையது என்றாள். அதிகாரி ஒரு தாளில் அதை எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் கணினியில் எதையோ தட்டினார். அவளுடைய தீபாவளிப் புள்ளி போனது. அதோடு அவளுடைய இடமும் போனது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னோடது?" என்று கேட்டேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நிகழ்ச்சிக் கணக்கு மூடியாகிவிட்டதாம். மூடிய கணக்கில் தவறாக ஏறியதை நீக்கலாம், புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாதாம். ஸ்கேன் செய்த பதிவும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மன்றத்தின் பக்கத்தில் அன்றைக்கு எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். ஆட்டம் ஆடியவர்கள், கோலம் போட்டவர்கள், இலைக்கு முன்னால் விரலைக் காட்டிச் சிரிப்பவர்கள். ஒரே ஒரு படத்தில் வாளியைப் பிடித்த ஒரு கை இருந்தது. அது என் கைதான் என்றேன். அவர் பாவமாக என்னைப் பார்த்தார்.

நான் சத்தம் போட்டேன். பொய்ப் புள்ளியை எடுக்க வழி இருக்கும், உண்மைப் புள்ளியைப் போட வழி இருக்காதா, இது என்ன கணக்கு என்று கேட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. உன் வீடு சிம்பாங் அம்பாட்தானே, தினம் போய் வரலாமே, கடல் தாண்டி சபா மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளே காத்திருக்கிறார்கள் என்றார். காலி இடங்கள் காத்திருப்போர் பட்டியலுக்குத்தான் போகுமாம். அதாவது ஜொகூர்க்காரி விட்டுக்கொடுத்த கட்டில் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. முகம் தெரியாத யாருக்கோ.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. "கடைக்கி மேல சாமான் வக்கிற ரூம் ஒண்ணு இருக்கு. மொதலாளிகிட்டக் கேட்டுப் பாக்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு மனசு ஆறியிருக்கும். அதற்குக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாள்.

அம்மாவின் போன் வந்தது. என்ன ஆச்சு என்று கேட்டார். நடந்ததையெல்லாம் கொட்டினேன். அதிகாரியைத் திட்டினேன், கணினியைத் திட்டினேன், தலைவி அக்காவைத் திட்டினேன். அம்மா என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். என் இடம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கி ஊரு எது?" என்றார்.

"ஜொகூர்."

அந்தப் பக்கம் அண்ணன் குழந்தை அழுவது கேட்டது. அப்புறம் சொன்னார், "ஒனக்கு வந்து விழறதுக்கு ஒரு வூடு இருக்கு. அந்தப் புள்ள எங்கடி போவும்? அது எடத்தயும் போக வச்சிட்டு எங்கிட்டக் கோவிச்சிக்கிறியா?"

நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு நியாயம் வேண்டும் என்றுதான் நான் போனேன், அவளைத் தெருவில் நிறுத்த வேண்டும் என்று போகவில்லை. ஆனால் நிறுத்திவிட்டேன். அந்தக் கட்டிலில் நான் படுக்கப் போவதில்லை என்று முன்பே தெரிந்திருந்தால் அவளைத் தேடிக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருப்பேனா? போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கிருந்த ஆத்திரத்தில் நிச்சயமாகப் போயிருப்பேன். அதை நினைத்துத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "சரி, நான் போறேன். இப்ப இருக்குற ரூம்ம வெள்ளிக்கெழமக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றாள்.

"எங்க வூட்டுக்கு வா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில நாலரைக்கி எந்திரிக்கணும். ரெண்டு பஸ்ஸு, ஒரு பெர்ரி, மறுபடி ஒரு பஸ்ஸு. ஹால்லதான் படுக்கணும். எங்கண்ணன் பக்கத்துலயே ஒக்காந்து சாக்ஸ் மாட்டும், ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒங்கம்மாகிட்டக் கேக்க வேணாமா?"

"அவங்க சொல்றதெல்லாம் சொல்லிட்டாங்க."

அவள் என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். "நீ எம் மேல கோவமாத்தான இருந்த?" என்றாள்.

"இப்பவும் கோவமாத்தான் இருக்கேன்லா. போய்த் துணிய எடுத்து வை."